ராயப்பனின் மாவுக்கஞ்சி

1946 நவம்பர் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வாடைக்காற்று. காற்றெல்லாம் உப்பு ஈரம். கருவாடு ஒன்றும் காயவில்லை. பூசைக்குப் போயும் மனம் நிற்கவில்லை.

ராயப்பனுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. துணி மாற்றி மாளவில்லை. கொழுகொழுவென்று இருந்த எட்டு மாதப் பிள்ளை, தொடையில் தோல் தொங்குகிறது. அவன் அம்மா பிலோமிக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியதிலிருந்து மாவுக்கஞ்சிதான் அவனுக்கு ஆகாரம். சீமை டப்பா மாவு, சண்டை முடிந்தும் கடைக்கு வந்தபாடில்லை. அதனால் புழுங்கலரிசியும் பொரிகடலையும் வறுத்து, இடித்து, மல் துணியில் சலித்து வைப்பது என் வேலை. அத்தைக்காரி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பல்லு முளைக்குதுல்லா, அப்படித்தான் போவும்." அவளுக்குத் தலைவலிக்கும் காரணம் பல்தான்.

வாங்க வேண்டியது: ஓமம், சவுக்காரம். ரேஷன் நாளைக்கு. தம்பி மிக்கேலுக்குத் தகவல் சொல்ல வேண்டாம். தோணியைக் கொழும்புக்கு ஓட்டிப்போனவன், நடுக்கடலில் என்ன செய்வான்?

நவ. 4, திங்கள்

சொல்லியேவிட்டாள் தம்பி பெண்டாட்டி. பள்ளிக்கூடம் கிளம்பும்போது, சேலை மடிப்பைச் சரிசெய்தபடி:

"மைனி, ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய. கருவாட்டைத் தொட்ட கையால மாவு இடிக்கிய. கிருமின்னு ஒண்ணு இருக்கு."

வந்ததே எனக்குக் கோபம். "ஏளா, ஒம் புருசன் இந்தக் கையால தின்னு வளந்தவந்தாம்ளா!"

அவள் மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். டீச்சரம்மா ஒரு தடவைதான் பாடம் நடத்துவாள்.

நான் இடித்த மாவு முழுவதையும் கோழிக்குக் கொட்டிவிட்டாள். ரேஷன் அரிசி! கோழிகள் தின்றன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி மாவு இடிப்பதும் அவளே. விடியுமுன் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவது எப்போதும் அவள்தான். போன நடை மிக்கேல் கொண்டுவந்த பிளாஸ்க். தெருவே வந்து பார்த்தது. சாயங்காலம் திறந்தாலும் இளஞ்சூடு இருக்கும். விறகு மிச்சம். ஊற்றிப் புகட்டுவது மட்டும் நான். அதற்கும் எதிரே நின்று கை கழுவச் சொன்னாள். கழுவினேன்.

நவ. 6, புதன்

புது மாவு. அவள் கை. அவள் இடித்தது. பிள்ளை நேற்று இரண்டு தடவை கக்கினான், இன்றைக்கு வயிற்றாலும் போகிறது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது. பிள்ளை கண் குழிந்து கிடக்கிறான், நான் கெலித்துவிட்டேன் என்று நிற்கிறேன். சீ.

பிறகு பயம். ஊற்றிக் கொடுப்பது நான்தானே. ஒருவேளை என் கைதானோ? மோந்து பார்த்தேன். சவுக்கார வாடைதான். மறுபடி கழுவினேன். கருவாட்டுக் கூடையை இரண்டு நாளாகத் தொடவில்லை, மீன் எடுக்கத் திரேஸ்புரம் பக்கம் போகவும் இல்லை.

குழாயடியில் யாரோ: "பிள்ளைய அவ கையில ஏன் விட்டா?" திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் குடத்தைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் கடலில் சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத பிறகு எனக்கு இந்த வீடுதான். மிக்கேலும் இதை நம்பிவிட்டால் எங்கே போவேன்? வேலை ஒன்றும் ஓடவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நவ. 7, வியாழன்

இன்றைக்குப் பிள்ளை அழவில்லை. அதுதான் பயமாகிவிட்டது. கிள்ளினால்கூட முனகல் மட்டும். பள்ளிக்கூடத்துக்கே ஓடிப்போய் பிலோமியைக் கூப்பிட்டேன். குதிரைவண்டி பிடித்து லேடி டாக்டரிடம். கஞ்சியையும் பிளாஸ்கோடு எடுத்துப் போனோம், வழியில் பசித்தால் கொடுக்க.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து தட்டில் கொஞ்சம் ஊற்றினாள்.

"எப்பக் காய்ச்சினது?"

"விடியக்காலம் டாக்டரம்மா," பிலோமி சொன்னாள். "நல்லாக் கொதிக்க வச்சுத்தான். பிளாஸ்கையும் வெந்நீர் விட்டுக் கழுவுதேன். மாவுலதான் ஏதோ..."

"மாவுன்னா கிருமி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், யார் இடிச்சாலும். கொதியில எல்லாம் சாகாது. சிலது அப்படியே சுருண்டு கிடக்கும். இதமான சூடு கிடைச்சா முழிச்சுப் பெருகும். அந்தச் சூட்டை நீங்க நாள் பூரா காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

பிலோமி என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று முழுக்கக் கஞ்சி கிடையாது. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும், கரண்டி கரண்டியாக. பிறகு அந்தந்த வேளைக்குக் காய்ச்சி, ஆற்றி, உடனே கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பிழைப்பானா என்று கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமி பிளாஸ்கைத் துவைகல்லில் ஓங்கி அடித்தாள். உள்ளே இருந்த கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகள் என்னிடம் ஒரு மூட்டை இருந்தன. படித்த கை, பேனா பிடிக்கிற கை என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நல்ல வார்த்தைகளும் வீண். விளக்குமாறு எடுத்துக் கண்ணாடியைப் பெருக்கினேன்.

நவ. 9, சனி

மழை. வற்றிக் கிடந்த ராயப்பன் மூத்திரம் போனான்! என் மடியிலேயே. பிறகு தெருமுனை வரை கேட்கிற மாதிரி ஒரு அழுகை. நானும் பிலோமியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். நான்தான் முதலில் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வேளைக்கு வேளை அடுப்பு. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது. போகட்டும்.

பிலோமி சாயங்காலம் அரிசியை வறுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே இடிங்க மைனி." அவ்வளவுதான். உரலைத் துடைத்துக்கொண்டே: "அவுக வந்து கேட்டா என்ன சொல்ல? பெத்த பிள்ளைக்கு நானே..." நான் உலக்கையை எடுத்தேன்.

நவ. 12, செவ்வாய்

வெயில். மதியத்துக்குமேல் தோணி வந்தது. மிக்கேல் நேரே பிள்ளையைத் தூக்கினான். "என்னக்கா, எலும்பா இருக்கான்?"

"வயித்தால போச்சு. டாக்டரம்மா பாத்துச் சரியாக்கிட்டா."

முகம் கழுவி வந்தவன் அலமாரியைப் பார்த்தான். "பிளாஸ்க எங்க?"

பிலோமி நிலைப்படியில் நின்றாள். கையில் கரண்டி.

"நான்தாம்ல ஒடச்சேன். கை வழுக்கிட்டு."

"ஒங்கையில ஒரு சாமான் தங்குமாக்கா? பிள்ளைக்கின்னு கடல் தாண்டிக் கொண்டாந்தேன்..." பிடித்துக்கொண்டான். வேட்டி மாற்றும்போதும் திட்டு, காப்பி குடிக்கும்போதும் திட்டு.

பிலோமி வாயைத் திறந்தாள். "ஏளா, அடுப்புல கஞ்சி பொங்குது, போய்ப் பாரு" என்றேன்.

அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை. உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது.