ஜிகினாவுக்கு அடியில் இருந்த முகம்

உ
குமுளி, எஸ்டேட் லயம்
17-6-1976

அன்பு மகள் சந்தனத்துக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மா விட்டுப்போன மூன்று கோழிகளும் சுகம், அதில் கறுப்பி மட்டும் நான் தீனி போட்டால் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கொத்துகிறது, யாரிடம் படித்ததோ. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க மாரியம்மா பார்த்துக்கொள்வாள். இங்கே மழை பிடித்துவிட்டது, அட்டைக்கடியும் கூடவே. அம்மா காரியத்துக்குத்தான் வந்து சேர முடியவில்லை, முகம் பார்க்க ஒரு போட்டோவாவது அனுப்புங்கப்பா என்று எழுதியிருந்தாய். பத்து நாள் பதில் போடாமல் இருந்தேன், காரணம் சொல்கிறேன், திட்டாதே.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று உன் அம்மா போட்டோப் பெட்டியைக் கண்டாலே ஓடுவாள். அவள் மாட்டியது ஒரே படத்தில், மூன்று வருஷத்துக்கு முந்திய திருவிழாவில், தேர் ஓரமாக மாவிளக்குத் தட்டோடு. என் ஜிகினாப் படப் பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். ஸ்டூடியோக்காரர் மரியஜோசப் வருஷத்துக்கு ஒரு தேர்ப்படம், ஆறே ஆறு பிரதி போட்டு, ஜிகினா ஒட்டி, பின்னால் நம்பர் எழுதி, மறு பிரதி போட முடியாதபடி பிலிமை நம் கண்ணெதிரே கத்தரித்துவிடுவார். ஒன்பது வருஷப் படமும் என் சுவரில் இருக்கிறது என்று லயத்தில் வீடு வீடாகப் பீற்றிக்கொண்டவன் நான். அந்த வருஷம் தேர் ஓரத்தில் ஜிகினாவை இன்னும் தாராளமாகப் போடுங்க என்று சொன்னதும் நான்தான். ஆறு படத்திலும் அம்மா முகம் ஜிகினாவுக்கு அடியில் போய்விட்டது. அவள் பார்த்துவிட்டு, நல்லதாப் போச்சு, இனி என் ஆயுசு கெட்டி என்று சிரித்தாள், தாயி.

போன ஞாயிறு அந்தப் படத்தை வேட்டியில் சுற்றிக் அவருடைய குமுளிக் கடைக்கே கொண்டுபோனேன். வெந்நீர் ஆவி காட்டினா ஜிகினாப் பசை இளகும், முகமும் சேர்ந்து உரிஞ்சு வந்தா என்னைக் கேக்கப்படாது என்றார் மரியஜோசப். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். மழையில் நின்றேன். கூப்பிட்டபோது நெற்றியும் கண்ணும் வந்திருந்தன, கன்னம் கொஞ்சம் கிழிந்திருந்தது. சுற்றி எல்லோரும் அம்மனைக் கும்பிடுகிறார்கள், இவள் மட்டும், அன்று போட்டோப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மாட்டிக்கிட்டியா என்று கேலி பண்ணிய என்னைப் பார்த்து முறைக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இந்தப் படத்தையே பெட்டி முன்னால் வைத்து இன்னொரு படம் எடுக்கலாமே என்றார் அவர். வேண்டாம், அவளை இன்னொரு தடவை பெட்டி முன்னால் நிறுத்த மனசில்லை என்றேன். அதனால் இருக்கிற ஒன்றையே உனக்கு அனுப்புகிறேன். என் சுவரில் எட்டுப் படமும் ஒரு ஆணியும் போதும்.

வயிறும் மனசும் நிறைந்து இரண்டு பேரும் நீடூழி இருங்கள். வெயில் படாத இடத்தில் மாட்டு. கன்னத்தில் கிழிசலை மறைக்க அவர் திரும்ப ஒட்டிய ஜிகினாவைச் சுரண்டாதே, அடியில் காகிதம் இல்லை. வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு போடு. அவள் முறைக்கிறாளே என்று கலங்காதே தாயி, அது உனக்கில்லை, எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியமுத்து