வாய் திறக்காமல் மடித்த விரிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

இடுப்பு வலி. ஆனாலும் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காய்ந்து வருகிற விரிப்புகளை மடிப்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஜெபம் சொல்வேன். இதில் படுக்கிறவங்களுக்குச் சுகம் தாரும் ஆண்டவரே. யாரும் சொல்லித் தந்ததில்லை. என் வீட்டுக்காரர் இங்கே கிடந்த நாளில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மெஷின் ஓட்டுகிற தம்பி இன்றும் கிண்டல். "துணிக்குத் தாலாட்டா அக்கா?"

"உனக்கும் சேர்த்துதான். தூங்கிடாதே."

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து, நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பெண்கள் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். யாரோ என் பெயரைச் சொன்னார்கள். மைக் பிடித்திருந்தது என் நாத்தனார். "அண்ணி எழுத்துக் கூட்டி வசனம் வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நோயாளி எழுந்து நடந்துடுவாங்க" என்றாள். சபையே சிரித்தது. அவள் கையில் பச்சைக் குடை இருந்தது வரை நினைவிருக்கிறது. வெளியே மழை இல்லை. மூன்றாம் வரிசையில் யார் யாருக்குப் பல் தெரிந்தது என்பதையும் சொல்வேன்.

என் கல்யாணத்தன்றும் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கு என்றவள்தான் இவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதையும் நான் விடவில்லை.

வாசலில் போதகர், "நீங்க ஆஸ்பத்திரியில செய்யறதும் ஊழியம்தாம்மா" என்றார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய்.

மார்ச் 10

அவளை மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொன்னேன். பொய்.

மார்ச் 18, செவ்வாய்

மகன் போன் செய்தான். அவன் அத்தையை, அதான் என் நாத்தனாரை, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பெண்கள் வார்டில் சேர்த்திருக்கிறார்களாம். பித்தப்பையில் கல். வியாழக்கிழமை ஆபரேஷன். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா."

கீழே வேலை செய்கிறவளுக்கு மாடி எவ்வளவு தூரம்? இடுப்பு வலி என்றேன்.

மார்ச் 19, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பெண்கள் வார்டு விரிப்புக்கு மூலையில் நீல நூல் தைத்திருக்கும். இன்று அந்தக் கட்டு வந்தது. முதல் விரிப்பைக் கையில் எடுத்ததும் ஜெபம் நாக்குவரை வந்தது. இது அவளுக்குப் போனால்? விழுங்கிவிட்டேன். எது அவள் கட்டிலுக்குப் போகும் என்று தெரியாதே — அதனால் கட்டு முழுவதையும் வாய் திறக்காமலே மடித்தேன்.

"என்னக்கா, வாய்க்கு இன்னிக்கு லீவா?"

அடுத்து பிள்ளைகள் வார்டின் சிவப்பு நூல் கட்டு. அதற்குப் பழையபடி சொன்னேன். அப்படியானால் தெரிந்தேதான் செய்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

மார்ச் 20

ஆபரேஷன் முடிந்ததாம். நான் மாடி ஏறவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அவளுக்குக் காய்ச்சல். நான் ஜெபிக்காததால் வந்தது என்று நினைக்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டா ஆண்டவர் சுகம் கொடுக்கிறார்? ஆனால் அந்த வார்டில் படுத்திருப்பது அவள் ஒருத்தியா? துணி எடுக்க வந்த ஆயா சொன்னாள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்ட ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறாளாம். அந்தப் பெண் என்னை என்ன சொன்னாள்? அவளுக்கும்தானே ஜெபம் இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

இந்த மடிக்கிற வேலையை வெறும் வயிற்றுப்பாடு என்றும், மைக்கும் குழுவும்தான் ஊழியம் என்றும் ஏங்கிக் கிடந்தேன். வெறும் வேலை என்றால் ஏன் இப்படி அறுக்கிறது? எண்ணிக்கை சரி, துணி சுத்தம். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆனாலும் தூக்கம் போய்விட்டதே. ஊழியம் என் கையில்தான் இருந்திருக்கிறது. அதைக் கீழே போட்ட பிறகா எனக்குத் தெரிய வேண்டும்?

மார்ச் 22, சனி

மாடி ஏறினேன். நாத்தனார் இளைத்துப்போய்க் கிடந்தாள்.

"வழி தெரிஞ்சுதா அண்ணி?"

"தேடிக்கிட்டு வந்தேன்."

தனக்குக் கீழே விரித்திருந்ததைத் தடவினாள். "காலையில போட்டாங்க. நடுமடிப்பு கோணலா இருக்கு. இது உங்க கை இல்லையே. அம்மா வீட்டுல நீங்க மடிச்சு வெச்சா, புது நோட்டுப் புத்தகம் மாதிரி நிக்கும்."

"என் கைதான். உன்மேல கோபம். ஜெபம் சொல்லாம மடிச்சேன்."

கூரையையே பார்த்தாள். "மைக்ல சொன்னதுக்கா?"

"அதுக்கும். கல்யாணத்தன்னிக்கு என் கையெழுத்தைச் சொன்னதுக்கும்."

சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணி. தையல் பிரிஞ்சா உங்களுக்கு இன்னொரு கணக்கு சேரும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அந்த ஜெபத்தை இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். சுவரைப் பார்த்துக் கிடந்த பெண்ணுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாத்தனார் மறுபடியும் மைக்கில். குழுவில் அண்ணியைச் சேர்க்கிறோம், வசனம் நான் வாசிப்பேன், ஜெபம் அவங்க பண்ணுவாங்க என்றாள். குழு போகிற நாள் புதன். எனக்கு நீல நூல் கட்டு வருகிற நாள், வர முடியாது என்றேன். மூன்றாம் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

அந்தச் சின்னப் பெண் என்றோ வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஊர் பெயர் ஆயாவுக்குத் தெரியவில்லை. அது அப்படியே நெஞ்சில் நிற்கிறது.

நீல நூல் கட்டைப் பிரிக்கும்போது மெஷின் தம்பி வந்து மறுமுனையைப் பிடித்தான். கிண்டல் இல்லை. "நாளைக்கு எங்கம்மாவை அந்த வார்டுல சேர்க்கறோம் அக்கா. எந்த விரிப்பு அவங்களுக்கு வரும்?"

"தெரியாது. நீ பிடி" என்றேன். அடி விரிப்பு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.