தம்பி செட்டிங்ஸைக் கெடுக்கவில்லை

பெரியவனே,

தம்பிக்கு மாற்றுத் துணி எடுக்க வந்தேன். நீ தூங்குகிறாய். எழுப்பப் பயமாக இருக்கிறது.

அவனுக்கு நெற்றி கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். முன்பல் இரண்டும் போய்விட்டன. கேமில் முகமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது, இவன்தான் செட்டிங்ஸை நோண்டிவிட்டான் என்று அவன் தலையைப் பிடித்து மேஜையில் மோதினாயே, அவன் எதையும் கெடுக்கவில்லை. கேம் ரொம்பப் பழசு. உன் புது கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் பாஷை புரியவில்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு சின்ன ஃபைல் வேண்டும். அதைத் தேடிப்பிடித்து உன் கேம் ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ அவன் கழுத்தைப் பிடித்திருக்கிறாய்.

ஆம்புலன்ஸில் வாயெல்லாம் ரத்தத்தோடு சொன்னான்: "காப்பி ஆயிடுச்சும்மா. அண்ணனை ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்லு."

இப்போது நானே திறந்து பார்த்தேன். எல்லா முகமும் பளிச்சென்று தெரிகிறது.

அம்மா

பி.கு.: டாக்டரிடம் அவன், "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றான். நான் நடந்ததைச் சொல்லிவிட்டேன். கீபோர்டில் இருக்கும் ரத்தத்தைத் துடைக்காதே. போலீஸ் வந்தால் முரண்டு பிடிக்காமல் கதவைத் திற. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அவர்கள் வருவதற்குள் சாப்பிட்டுவிடு.