இரண்டு களிம்புகள்

நாள் 61, காலை 8:10
சந்திரன், தென்முனைக் குடில். பதிவு: மருத்துவர் ஜெசிந்தா. காற்றழுத்தம் சீர். தண்ணீர் வடிகட்டி சீர். விண்வெளி உடையின் கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் எனக்கும் பொறியாளர் சேந்தனுக்கும் படர்தாமரை. இங்கே இருப்பது நாங்கள் இருவர்தான். ஒரே காற்று, ஒரே வியர்வை. சரக்குக் கலத்தில் பெயர் ஒட்டி ஆளுக்கொரு களிம்பு வந்தது. இரண்டு வேளை தடவ உத்தரவு.

நாள் 70, காலை 8:30
சேந்தனுக்குத் தோல் தெளிந்துவிட்டது. எனக்கு வளையம் தோளைத் தாண்டி முதுகில் இறங்கியிருக்கிறது. அவன் களிம்பில் கொஞ்சம் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றான், முகம் பார்க்காமல். பூமியில் உள்ள தரை நிலையம் விடாமல் தடவச் சொல்கிறது.

நாள் 74, பகல் 11:00
அவன் வெளிப்பணிக்குப் போயிருந்தபோது அவன் பெட்டியைத் திறந்தேன். டியூப்பில் பாதி இருந்தது. என் தோலைச் சுரண்டி இரண்டு தட்டுகளில் பூஞ்சை வளர்க்கிறேன். ஒன்றில் அவன் களிம்பு, மற்றதில் என்னுடையது.

நாள் 79, பகல் 12:40
அவன் களிம்பு பூஞ்சையைக் கொன்றது. என் களிம்பின் மேலேயே பூஞ்சை ஏறி வளர்ந்திருக்கிறது. அதில் மருந்தே இல்லை. நான் மருத்துவர். இத்தனை நாளும் வெறும் பசையைத் தேய்த்திருக்கிறேன்.
நேரே கேட்டேன். சொன்னான்: "மருந்து வேலை செய்யுதான்னு சோதிக்க, ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு வெறும் களிம்புன்னு தரையில முடிவு பண்ணிட்டாங்க. வெளிய சொன்னா ஊருக்கு விடமாட்டோம்னாங்க, ஜெசி."
மீதி டியூப்பை என் கையில் வைத்தான். காலையில் இருமியபோது ரத்தம் வந்திருந்தது. இது சாதாரணப் படர்தாமரை இல்லை; களிம்பு எட்டாத நுரையீரலுக்குப் பூஞ்சை போய்விட்டது.

நாள் 83, மாலை 4:15
பூமிக்குத் திரும்பும் ஆளில்லாக் கலம் வந்தது. தொற்று உள்ளவர் ஏறக்கூடாதாம். சேந்தன் ஏறினான். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தான் போல. நான் பார்க்கவில்லை.
நடந்ததையெல்லாம் தரை நிலையத்திடம் சொல்லி, உலகத்துக்கும் சொல்வேன் என்றேன். என் ஒலிபரப்பை அடைத்துவிட்டார்கள். கேட்க மட்டும் முடிகிறது.

நாள் 84, காலை 9:00
மூச்சு வாங்குகிறது. அவன் களிம்பு போட்ட தட்டில், செத்த பூஞ்சையின் நடுவே புது முளை. மருந்துக்கு அடங்காத முளை. அவனுக்குள்ளும் இருக்கும். மதுரையில் அவனுக்குக் கைக்குழந்தை. துரோகிதான். ஆனாலும் அவனை எச்சரிக்க ஒலிபரப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். குரல் போகவில்லை.

நாள் 85
கலத்திலிருந்து: "ஜெசி, கோவத்துல பேசாம இருக்கன்னு தெரியுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கழுத்துல மறுபடி அரிக்குது. ஒண்ணும் இல்லல்ல?"
சேந்தா, இறங்காதே. பிள்ளையைத் தூக்