திரையில் விழுந்தவன்

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
1919 அக்டோபர் 23

அன்புள்ள எம்மெட் அவர்களுக்கு,

இங்கே நான் நலம். க்ளெண்டைவில் அம்மாவும் நலம்.  

உங்களோடு சினிமாக் கம்பெனியில் வேலை செய்த என் தம்பி லார்ஸ் காய்ச்சலில், தூக்கத்திலேயே போய்விட்டான் என்று மார்ச்சில் எழுதினீர்கள். நம்பினோம். போன வாரச் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வழக்கம்போல் தியேட்டரில் ஊமைப்படத்துக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கம்பெனியின் புதுக் கௌபாய் படம். கதாநாயகனுக்குப் பதிலாக அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பள்ளத்தைத் தாண்டக் குதிரையை விரட்டியவன் லார்ஸ். முகம் தெரியவில்லை. இடது தோளைத் தூக்கிக்கொண்டு உட்காரும் விதம் போதாதா எனக்கு? குதிரைக்கு அக்கரை எட்டவில்லை. இருவரும் பாறைமேல் விழுந்தார்கள். குதிரை எழுந்தது. அவன் எழவில்லை. அடுத்த நொடி கதாநாயகன் தூசியைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்! சனம் கைதட்டி, விசிலடித்து, "இன்னொரு தடவை போடுங்கப்பா!" என்று கத்தியது. முதலாளி காஃபர்ட் மறுபடியும் ஓட்டினார். அப்போதும் என் விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன, எம்மெட். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காட்சி முடிந்ததும் காஃபர்டிடம் போனேன். "அட, அது வைக்கோல் பொம்மைம்மா. இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா?" என்றார்.

"பொம்மை இல்லைங்க. என் தம்பி."

மனிதர் வெளிறிப்போனார். கத்தரியை எடுத்து, படச்சுருளில் அந்தத் துண்டை வெட்டி அடுப்பில் போட்டார். குப்பென்று எரிந்தது.

அந்தப் படப்பெட்டி அடுத்து க்ளெண்டைவுக்குப் போனது. லார்ஸ் வேலை செய்த கம்பெனியின் படமென்றால் அம்மா விடுவாளா? நேற்று அவள் கடிதம் வந்தது: "லார்ஸ் குதிரையில வந்தான்டி. முதுகைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். பள்ளம் வரைக்கும் வந்தான், அப்புறம் காணோம். திரும்ப வருவான்னு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

பொய் எழுதியதற்கு உங்களைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நானும் அம்மாவுக்கு அதே பொய்யைத்தான் எழுதப் போகிறேன்.

ஆனால் லார்ஸின் வேலை இப்போது உங்களுக்கு என்றும், அடுத்த மாதம் ஓடும் ரயிலிலிருந்து குதிக்க வேண்டும் என்றும் போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். இங்கே தியேட்டரில் படம் காட்டும் எந்திரம் ஓட்ட ஆள் தேவை. காஃபர்டிடம் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே புறப்படுங்கள். இன்னொருவர் விழுவதைப் பார்த்துக்கொண்டே வாசிக்க என்னால் ஆகாது.

வழி பார்த்திருக்கும்,
இங்கா