உன் விதையும் என் விதையும்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பஸ் நின்றபோது, மக்காச்சோளக் கதிர் சுடுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நீ இருந்திருந்தால் இறங்கி ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்து, தின்பதற்கு முன் அதில் எத்தனை வரிசை மணி என்று எண்ணியிருப்பாய். பக்கத்து சீட்டுக்காரர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இன்று நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மடியில் நம் ஆராய்ச்சியின் கடைசி அறிக்கை. மாலைக்குள் விழுப்புரத்தில் கொடுத்தாக வேண்டும்.

அதில் ஒரு வரியை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன். நாம் வளர்த்தெடுத்த இரண்டு விதைகளில் ஒன்றைத்தான் இனி வைத்துக்கொள்வார்களாம். எது என்று நான் சொல்ல வேண்டுமாம். போட்டியில் ஓடியவளையே நடுவராகவும் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரே மூட்டை மக்காச்சோள விதையில் இருந்துதானே ஆரம்பித்தோம்? திண்டிவனம் பண்ணையில் ஆளுக்குப் பாதி. நீ அறுவடை நேரத்தில் வயல் முழுக்க நடந்து, நல்ல செடியாகப் பார்த்துக் கதிரை ஒடித்து, விதைகளைக் கலந்து அடுத்த பருவமே விதைத்துவிடுவாய். நானோ செடிக்குச் செடி காகிதப் பை மாட்டி, அதன் மகரந்தத்தை அதற்கே தூவி, அதன் பிள்ளைகளைத் தனி வரிசையாக விதைத்து, எந்தக் குடும்பம் தேறுகிறது என்று பார்த்த பிறகுதான் நல்லவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பேன். ஒரு சுற்றுக்கு மூன்று பருவம் போய்விடும்.

"நீ பை மாட்டிக்கினே கெட. நான் ஜல்தியா போய்க்கினே இருக்கேன்" என்பாய்.

"மூஞ்சியப் பாத்துப் பொண்ணெடுக்கிறவ நீ. நான் குடும்பத்த விசாரிக்கிறவ" என்பேன்.

"நீ விசாரிச்சி முடிக்கறதுக்குள்ள பொண்ணு கெழவி ஆயிடும்டி."

உன்னை அவசரக்காரி என்றவர்கள் யாரும் உன்னோடு வயலில் நடந்ததில்லை. பக்கத்துச் செடி பட்டுப்போன இடத்தில் தளதளவென்று நிற்கிற செடியை நீ தொடவே மாட்டாய். பக்கத்தில் ஆள் இல்லாததால் வந்த செழிப்பு அது, விதையின் குணம் இல்லை என்பாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் வேலையும் என்னிடம் வந்தது, பெயரும் எனக்கே வந்தது. யாராவது பாராட்டினால் அந்தச் செடிதான் நினைவுக்கு வருகிறது. கூசிப்போகிறேன்.

நீ திட்டமிட்டுவிட்டுப் போன கடைசிச் சோதனையைப் பிரம்மதேசத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் விதைத்தோம். எது யாருடையது என்று தெரியக் கூடாது என்பதால் பாத்திகளுக்கு எண் மட்டும்தான். ஆனால் வரப்பில் கால் வைத்ததுமே உன்னுடையது எனக்குத் தெரிந்துவிட்டது. கதிர்கள் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. "கதிர் ஒடிக்கிற பொம்பளைங்க நாள் பூரா கையத் தூக்கிக்கினே நிக்கணுமா?" என்று நீ அப்படிப்பட்ட செடிகளாகவே பொறுக்கினாய். அறுவடைக்கு வந்த ஒரு அக்கா, "இது ஒடிக்க சொகமா இருக்குதும்மா" என்றார். அதை எழுத அறிக்கையில் இடமே இல்லை. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எடை போட்டோம். என்னுடையது அதிகம், கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு என் முறை தின்ற ஆளையும் வேலையையும் சொல்லி நீ கிழித்திருப்பாய். உன்னுடையதைத் தேர்ந்தெடுத்தால், நீ இறந்துவிட்டாய் என்பதற்காகவா? என்னுடையதை எடுத்தால், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்காகவா? பல நாளாகத் தூக்கமில்லை, பேஜாராகிவிட்டது.

சோதனைக்குத் திட்டம் போட்ட அன்று நீதான் சொன்னாய்: "எடைதான் பேசணும். அப்புறம் நீயும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது."

விழுப்புரம் நெருங்கும்போது என் விதையின் எண்ணை எழுதினேன். அறிக்கையை வாங்கியவர் வாழ்த்துச் சொன்னார். இனி குளிர் அறையில் உன் விதை இருக்கும் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். பேச்சை மீறாமல் நடந்துகொண்டேன். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் உன்னோடு சண்டைதான். நீ இல்லாததால் உன் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. பேசப் பேச, ஒவ்வொரு தடவையும் நீதான் ஜெயிக்கிறாய்.