மூன்றாவது நாற்காலி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் வலியும் என்னோடு சேர்ந்து நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன்.

மூடிக்கிடந்த சட்டைத் தொழிற்சாலையை அரசாங்கமே திறந்துவிட்டது. வேலையில்லாதவர் என்று ஊரில் ஒருவரும் இருக்கக் கூடாதாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியாம். நல்ல சட்டம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இந்தக் கூலி அன்றே இருந்திருந்தால் நீ ஏன் அவ்வளவு தூரம் போயிருக்கப் போகிறாய். வீட்டில் வேலை செய்யக்கூடியவர்கள் யார் யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள், பழக்கதோஷத்தில் என் பெயர், அம்மா பெயர், உன் பெயர் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா போய் நான்கு வருடம் ஆனது என் கைக்குத் தெரியவில்லை.

மூவருக்கும் நாற்காலி போட்டுவிட்டார்கள். தைத்த சட்டைகளை எடுத்து அடுக்குவது என் வேலை. முதல் நாளே அம்மா மேஜையில் பன்னிரண்டு சட்டை முடிந்திருந்தது, உட்கார்ந்து தைத்த ஆளை யாரும் பார்க்கவில்லை. பொத்தான் தைத்து நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டுவாளே, அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருப்பாள், அதே நூல் வால். மேற்பார்வையாளரிடம் சொன்னேன், அவரோ பேர் இருக்கு, நாற்காலி இருக்கு, வேலையும் முடியுது, உங்களுக்கு என்ன குறை பெரியவரே என்கிறார். உயிரோடு இருந்தவரை அரைக்கூலி வாங்கியவளுக்கு இப்போது முழுக்கூலி. பயத்தைவிட எனக்கு அழுகைதான் வந்தது. தினமும் அந்த மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறேன், சாயங்காலம் பாதி குறைந்திருக்கிறது.

உன் நாற்காலி மட்டும் ஒரு மாதமாகத் தூசி படிந்து கிடந்தது. அந்தத் தூசியைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி, துடைக்க வந்தவளைக்கூடச் சத்தம் போட்டு விரட்டினேன். திங்கட்கிழமை போனேன், தூசி இல்லை. மேஜையில் ஐந்து சட்டை இருந்தது, கத்தரிக்கோல் இடப்பக்கம் கிடந்தது. எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டு வந்தேன், மறுநாள் மறுபடி இடப்பக்கம். அந்தக் கூடத்திலேயே இடக்கைக்காரி யாரும் இல்லை, நம் வீட்டில் நீ ஒருத்திதான். அன்றிலிருந்து உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. உன் பெயரை அடித்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தேன், ஒழுங்காக வேலை செய்பவரை நீக்கச் சட்டத்தில் இடமில்லையாம்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நூறு வயது இரு, இதை ஆசீர்வாதமாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் உன் கையால் நாலு வரி எழுது, திட்டியாவது எழுது. உன் மேஜையில் நான் தண்ணீர் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

உன் நாலு வரிக்காக வாசலிலேயே நிற்கும்,
அப்பா